ஆப்ரிக்கானா ஸ்டடீஸ் (ஆப்பிரிக்கர்கள், உலகெங்கும் உள்ள அவர்கள் வழிவந்தவர்கள் ஆகியோரின் வரலாறும் பண்பாடும் பற்றிய படிப்பு) படிக்கப் போகிறீர்களா?

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் (கலை, அறிவியல் எனப் பல துறைகளையும் பரவலாகக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரிகள்) சிறியவை. இந்தத் துறைக்குப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆசிரியர்கள் இருப்பார்கள். ஆகவே சேருமுன், பக்கத்துக் கல்லூரியில் போய் வகுப்பு எடுக்க முடியுமா என்று பாருங்கள். மாசசூசெட்ஸில் ஸ்மித், ஆம்ஹர்ஸ்ட், மவுண்ட் ஹோலியோக் மூன்றும் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. ஓரிடத்தில் சேர்ந்தவர் மற்ற இடங்களிலும் படிக்கலாம்.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கோட்டை விடுவீர்கள். ஸ்மித்தில் ஆப்ரிக்கானா ஸ்டடீஸ், ஆம்ஹர்ஸ்டில் பிளாக் ஸ்டடீஸ், பல்கலைக்கழகத்திலோ ஆஃப்ரோ-அமெரிக்கன் ஸ்டடீஸ்! (ஒரே ஊர்ப்பக்கம், மூன்று பெயர்.)

இன்னொன்று: கறுப்பின அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். விண்ணப்பக் கட்டுரை எழுதுமுன் நாலு கடிதமாவது புரட்டிவிடுங்கள்.