சில சிலிண்டர்களில் மட்டும் மிஸ்ஸிங்: பிரித்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

நான்கு சிலிண்டர் பைக்கில் ஒன்றில் பெட்ரோல் எரியாவிட்டாலும் (இதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்) வண்டி ஓடும். ஐடிலிங்கில் உதறும், இழுவை குறையும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும். உடனே நான்கு பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழற்றிவிடுகிறோம். எந்த சிலிண்டர் என்று பார்க்காமல் கையை வைப்பதுதான் முதல் தவறு.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஓட விடுங்கள். ஒவ்வொரு எக்ஸாஸ்ட் பைப்பிலும் ஹெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், எரிகிற சிலிண்டரின் பைப்பில் சுர்ரென்று ஆவியாகும். எரியாததில் அப்படியே வழிந்து இறங்கும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

இன்ஜின் ஓடும்போதே பிளக் கேப்பை, அதாவது ஒயர் நுனியில் பிளக்கின் மேல் மாட்டும் மூடியை, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த ஒயரில் பல ஆயிரம் வோல்ட் வருகிறது. ஷாக் ஒருபக்கம் இருக்கட்டும், போக வழியில்லாத மின்சாரம், அந்த வோல்டேஜை உண்டாக்கும் காயிலின் இன்சுலேஷனையே துளைத்துவிடக்கூடும்.

எந்த சிலிண்டர் என்று தெரிந்ததும், அதற்கு ஜோடி உண்டா என்று பாருங்கள். பழைய நான்கு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் 1, 4 இரண்டுக்கும் ஒரு காயில், 2, 3 இரண்டுக்கும் இன்னொன்று. ஒரு ஜோடி சேர்ந்தே படுத்துவிட்டால் காயில், அதற்கு வரும் கரண்ட், பொறி எப்போது வர வேண்டும் என்று சிக்னல் தரும் பிக்கப் காயில் ஆகியவற்றின் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனாலும் அவசரப்பட்டுப் புதுக் காயில் வாங்காதீர்கள். இந்த வகைக் காயிலில் மின்சாரம் ஒரு பிளக்கில் போய் இன்னொரு பிளக் வழியாகத் திரும்புகிறது. அதனால் ஒரே ஒரு கேப் உள்ளே அறுந்திருந்தாலும் இரண்டு சிலிண்டரும் பாதிக்கப்படலாம். நான் இப்படித்தான் ஒருமுறை காயிலை மாற்றினேன். மிஸ்ஸிங் போகவே இல்லை. கடைசியில் பார்த்தால் கேப்புக்குள் துரு.

கேப்பைத் திருகிக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் காட்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு மேனுவலில் இருக்கும். ஒயரின் நுனி கறுத்திருந்தால் சில மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகலாம்.

பிளக்கை வெளியே எடுத்து, பொறி வருகிறது, அதனால் இக்னிஷன் நல்லாயிருக்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. திறந்த காற்றில் பொறி தாண்டுவது எளிது. கம்ப்ரெஷனில் இறுகிய கலவைக்குள் தாண்ட அதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். நம்பகமான வழி இடம் மாற்றிப் பார்ப்பதுதான். கெட்ட சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டரிலும், அதன் பிளக்கை இதிலும் போடுங்கள். மிஸ்ஸிங்கும் பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறவில்லையா, அடுத்து கேப்பை அதேபோல் இடம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்; இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

ஐடிலிங்கில் மட்டும் எரியாமல், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் சேர்ந்துகொள்கிறதா? அப்படியானால் கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைப்பாக இருக்கலாம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். இன்டேக் ரப்பரில் விரிசல் இருக்கிறதா, வேக்குவம் முனையின் மூடி கழன்றிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பொறியும் பெட்ரோலும் சரி, இன்னும் எரியவில்லை என்றால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனை வேலை செய்யாமல் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். மூடி வைத்து அளந்தால் நல்ல சிலிண்டரும் மோசமாகக் காட்டும். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் முதலில் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. அப்படியே ஓட்டினால் அதன் விளிம்பு கருகிவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் முடியாது.