அல்பினோவா லாவெண்டர் அல்பினோவா? மஞ்ச பால் பைத்தான பிரிச்சுப் பாக்குறது எப்படி

மஞ்சளும் வெள்ளையுமா ஒரு பால் பைத்தான் (ball python, வீட்டுல வளக்குற ஒரு மலைப்பாம்பு வகை) போட்டோ வந்தா போதும், உடனே அல்பினோன்னு, அதாவது கருப்பு நிறமி இல்லாததுன்னு சொல்லிடுறாங்க. ஆனா அமெரிக்காவுல பிரீட் பண்றவங்ககிட்ட லாவெண்டர் அல்பினோ, கேண்டி, அல்ட்ராமெல், கேரமெல்னு அதே ஜாடைல ஒரு கூட்டமே இருக்கு. எல்லாமே ரிசெசிவ், அப்பா அம்மா ரெண்டு பக்கத்துல இருந்தும் ஜீன் வந்தாதான் கலர் வெளிய தெரியும், ஒரு பக்கம் மட்டும் வந்தா பாக்க நார்மல் பாம்புதான், அதுக்குப் பேரு ஹெட்.

முதல்ல நேரம் பாருங்க. சட்டை உரிக்கப் போற பாம்பு கண்ணு மங்கி, கலரும் செத்துப்போய் இருக்கும், அப்ப பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. உரிச்சு முடிஞ்சதும் பகல் வெளிச்சத்துல பாருங்க, மஞ்ச பல்ப் வேணாம்.

அடுத்து ஒரு வெள்ளைப் பேப்பர பாம்பு பக்கத்துல வைங்க. மஞ்ச திட்டுங்களுக்கு நடுவுல இருக்குற எடத்த மட்டும் பாருங்க. அல்பினோன்னா அது பேப்பரோட ஒத்துப்போகும், லாவெண்டர்னா லேசா கத்தரிப்பூ கலர் அடிக்கும், பேப்பர் இல்லாம பாத்தா இது கண்ணுக்குப் புடிபடாது. குட்டில இத மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, வளர வளர கலர் மாறும். பழுப்பும் கேரமெல் கலரும் கலந்து தெரிஞ்சா அல்ட்ராமெல், கேரமெல் பக்கம் போங்க. கேரமெல்ல முதுகெலும்பு வளைஞ்சு பொறக்குற பிரச்சனை இருக்கு, அதனால எனக்கு அந்த மார்ஃப் (கலர் வகை) மேல ஆசையே இல்ல.

மூணாவது கண்ணு. அல்பினோவுக்கு பளிச்சுன்னு சிவப்பு, லாவெண்டருக்கு நல்லா முத்துன மாதுளை முத்து மாதிரி அடர் சிவப்பு. தனியா பாத்தா ரெண்டும் சிவப்புதான், பக்கத்துல பக்கத்துல வச்சாதான் வித்தியாசம் தெரியும்.

இப்ப முக்கியமான விஷயம், ஜீன். பாம்பு வளக்குறவங்க அனுப்புன உரிஞ்ச சட்டைங்கள்ல இருந்து டிஎன்ஏ எடுத்து அமெரிக்காவுல பண்ணுன ஆராய்ச்சி 2022ல வந்துச்சு. அல்பினோவுக்கு டைரோசினேஸ் ஜீன், லாவெண்டருக்கு ஓசிஏ2, அல்ட்ராமெல்லுக்கு டிஒய்ஆர்பி1, மூணும் வேற வேற ஜீன்னு அதுல தெரிஞ்சுது. அதனாலதான் அல்பினோவையும் லாவெண்டரையும் சேத்தா குட்டி எல்லாம் நார்மலா பொறக்குது, காசு போட்டவங்க தலைல கைய வச்சுக்குறாங்க. அந்தக் குட்டிங்க ரெண்டு ஜீனுக்கும் ஹெட், அதுங்கள ஒண்ணோட ஒண்ணு சேத்தா சராசரியா 16ல 9 நார்மல், 3 அல்பினோ, 3 லாவெண்டர், 1 ரெண்டும் சேந்தது. கேண்டி மட்டும் விதிவிலக்கு, அது அல்பினோவோட ஒரே ஜீன் எடத்துல இருக்கு, ரெண்டையும் சேத்தா ஒரு குட்டி கூட நார்மலா வராது, எல்லாம் கேண்டினோ, அதாவது ஒரு பக்கம் கேண்டி ஜீன், ஒரு பக்கம் அல்பினோ ஜீன். ஆக்ஸாந்திக்னு மஞ்ச நிறமி இல்லாத சாம்பல் மார்ஃப் ஒண்ணு இருக்கு, அதுலயும் அல்பினோ லாவெண்டர் மாதிரி வம்புதான், விபிஐ, டிஎஸ்கேன்னு வேற வேற பிரீடருங்ககிட்ட இருந்து வந்த ரெண்டு லைனும் (வம்சமும்) பாக்க அண்ணன் தம்பி, சேத்தா நார்மல் குட்டி.

கடைசியா, கண்ணால பாத்து சந்தேகம் தீரலன்னா அப்பா அம்மா என்ன மார்ஃப்னு விக்கிறவர்ட்ட கேளுங்க. "66 சதவீதம் ஹெட்"னு சொன்னா ரெண்டு ஹெட் சேந்து போட்ட நார்மல் குட்டின்னு அர்த்தம், அப்படிப்பட்ட மூணு குட்டில சராசரியா ரெண்டு குட்டி அந்த ஜீன வச்சிருக்கும், உங்க கைக்கு வர்றது எதுன்னு பாத்து சொல்ல முடியாது. அப்பாவோ அம்மாவோ கலர் தெரியுற அல்பினோவா இருந்தாதான் அந்தக் குட்டி அல்பினோவுக்கு உறுதியா ஹெட், வெலையையும் அத வச்சே பேசுங்க.