நலமாக இருப்பவரைக் கேட்டீர்களா? நோய்ப்பரவல் விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருந்து முடிந்த இரவில் பத்துப் பேருக்கு வாந்தி என்றால், மறுநாள் காலைக்குள் தீர்ப்பும் வந்துவிடும்: "கத்தரிக்காய்தான், எனக்கு அப்போதே சந்தேகம்." எப்படித் தெரியும் என்று கேட்டால், வாந்தியெடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைச் சாப்பிட்டவர்கள் என்பார்கள். நலமாக வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? அதை யாரும் கேட்பதில்லை. நோய்ப்பரவல் விசாரணையில் நடக்கும் தவறுகளில் இதுதான் மூத்தது. மற்றவற்றில் பல இதன் வயிற்றில் பிறந்தவை.

1940 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆஸ்வீகோ மாவட்டத்து லைக்கோமிங் என்ற சிற்றூரில் ஒரு தேவாலய விருந்து நடந்தது. அன்றிரவே பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். விருந்துக்கு வந்தவர்களில் 75 பேரிடம் விசாரித்தார்கள். 46 பேர் நோயுற்றிருந்தனர். தொற்றுநோயியல் மாணவர்கள் இன்றும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தொழில் பழகுகிறார்கள்.

நோயுற்ற 46 பேரை மட்டும் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களில் 29 பேர் பன்றித்தொடைக் கறி சாப்பிட்டிருந்தார்கள். கறி குற்றவாளிக் கூண்டில் ஏறியிருக்கும். ஆனால் எல்லோரையும் கேட்டதால் வேறு உண்மை தெரிந்தது. கறி சாப்பிட்டவர்களில் 63 சதவீதம் பேர் நோயுற்றார்கள். அதைத் தொடாதவர்களிலும் 59 சதவீதம் பேர் நோயுற்றார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே கதி என்றால் கறிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. பெரும்பாலோர் தட்டில் விழும் பண்டம் நோயாளிகளின் தட்டிலும் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

வெனிலா ஐஸ்கிரீம் அப்படியில்லை. சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் நோயுற்றனர், அதாவது 80 சதவீதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேர், 14 சதவீதம். இப்படி ஒரு குழுவில் நூற்றுக்கு எத்தனை பேர் நோயுற்றார்கள் என்பதே தாக்கு வீதம். இரண்டு வீதங்களையும் அருகருகே வைத்தால்தான் உணவு வாய் திறக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது வதந்தி.

அதே அட்டவணையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களில் 53 சதவீதம் பேர் நோயுற்றனர். சாப்பிடாதவர்களில் 74 சதவீதம் பேர். அப்படியானால் சாக்லேட் நோயைத் தடுத்ததா? அவசரக்காரர் அப்படித்தான் எழுதுவார். சாக்லேட் எடுத்தவர்களில் சிலர் வெனிலாவை விட்டுவிட்டார்கள், அந்த விலகல்தான் அவர்களைக் காத்தது. வெனிலா சாப்பிடாமலே நோயுற்ற மூவரைக் காட்டி முழு முடிவையும் உதறுவதும் தவறுதான். மறந்துபோய் "இல்லை" என்றிருக்கலாம், ஒரே கரண்டி இரண்டிலும் புகுந்திருக்கலாம், அவர்களுக்கு வந்தது வேறு வயிற்றுக்கோளாறாகவும் இருக்கலாம். மனிதர்களை விசாரிக்கும்போது நூற்றுக்கு நூறு கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லோரையும் கேட்டுவிட்டால் போதுமா? போதாது. 2011 மே மாதம் வடக்கு ஜெர்மனியில் ஓ104:எச்4 வகை ஈ.கோலை கிருமி பரவியது. 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டினர். வெள்ளரியில் ஈ.கோலை இருந்தது உண்மை. ஆனால் அது வேறு வகை என்று சில நாட்களிலேயே தெரிந்தது. கிருமி கிடைத்தது என்பது வேறு, நோயாளியின் உடலில் இருந்த அதே கிருமி கிடைத்தது என்பது வேறு. அதற்குள் ஐரோப்பியச் சந்தையில் காய்கறி வாங்க ஆளில்லை. விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு ஒதுக்க வேண்டியதாயிற்று.

உண்மைக் குற்றவாளி முளைகட்டிய வெந்தயம். அது ஏன் ஆரம்பத்திலேயே சிக்கவில்லை? ஓர் ஆய்வில் 24 நோயாளிகளில் 6 பேர்தான் முளைப்பயிர் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். சாலட்டின் மேல் தூவிய நாலு முளைகளை யார் நினைவில் வைத்திருப்பார்? அதோடு, இந்தக் கிருமி உடலுக்குள் புகுந்து நோய் வெளிப்படப் பெரும்பாலும் எட்டு நாட்கள் ஆயின. வயிறு கெட்டதும் கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டுவது நம் எல்லோருக்கும் வழக்கம். ஐஸ்கிரீம் விருந்தில் நோய் சில மணி நேரத்தில் வந்ததால் அந்த வழக்கம் பொருந்தியது. இங்கே அது ஒரு வாரத்துக்கு மேல் பிசகியது. நோய் அரும்பும் காலம் தெரியாமல் கேள்வித்தாள் எழுதினால், எந்த நாளைப் பற்றிக் கேட்பது என்பதே தெரியாது.

பிறகு ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். ஓர் உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களிடம் "முளை சாப்பிட்டீர்களா?" என்று கேட்காமல், எந்த உணவை வரவழைத்தீர்கள் என்று கேட்டார்கள், அதில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையற்காரரைக் கேட்டார்கள். முளை பரிமாறப்பட்ட 115 பேரில் 31 பேர் நோயுற்றிருந்தனர். பரிமாறப்படாத 37 பேரில் ஒருவர்கூட இல்லை. இந்த விசாரணை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் சமையலறைதான்.

கடைசியாக, நோய் தணிந்தால் அது நம் நடவடிக்கையால்தான் என்று மார்தட்டுவது. 1854-இல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ பிராட் தெருவில் கிணற்று நீர் இறைக்கும் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், காலரா நின்றது என்று சொல்வார்கள். கைப்பிடி கழன்றது செப்டம்பர் 8 அன்று. சாவுகள் அதற்கு முன்பே வெகுவாகக் குறைந்திருந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். இதை ஸ்னோவே எழுதிவைத்தார். அவருடைய உண்மையான வலிமை நலமாக இருந்தவர்களைத் தேடிப்போனதில் இருந்தது. அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தனர்; அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்து மது ஆலையில் 70 தொழிலாளர்களில் யாரும் சாகவில்லை. அவர்கள் அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை.

அதற்காகக் கைப்பிடியைக் கழற்றியது வீண் என்று சொல்வதும் சரியில்லை. முதலில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர், பிராட் தெருக் கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தொலைவில் இருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. கைப்பிடி கழன்ற அதே நாளில், அதே வீட்டில், அந்தக் குழந்தையின் தந்தை காலராவில் விழுந்தார். கைப்பிடி இருந்திருந்தால் கிணறு மறுபடியும் சாவைப் பரப்பியிருக்கலாம்.