செம்பனை ஓடு ஏற்றுமதி: ஒப்பந்தத்தில் தகராறுப் பிரிவை எழுதும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனை ஆலைகளிலிருந்து கொட்டை ஓடுகளை வாங்கி, தாவரக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஜப்பானிய உயிர்த்திரள் மின்நிலையங்களுக்கு எரிபொருளாக அனுப்ப எண்ணுபவர், விலை பேசும்போதே தகராறு எங்கே தீர்க்கப்படும் என்பதையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்தைவிட, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தனி நடுவர் வழங்கும் நடுவர் தீர்ப்பே இங்கு உகந்தது. ஏனெனில் அயல்நாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற வகைசெய்யும் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இணைந்திருப்பதால், கோலாலம்பூரில் பெறும் தீர்ப்பை, வாங்குபவரின் சொத்து இருக்கும் ஜப்பானிலேயே நிறைவேற்றித் தரக் கோரலாம்.

நடுவர் அமர்விடம் (எந்த நாட்டின் நடுவர் சட்டப்படி விசாரணை நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் இடம்), விதிகள், மொழி, ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுக. கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தின் விதிகளை ஏற்கலாம். சிறு வணிகருக்கு ஒரே நடுவர் போதும். மூவர் என்றால் செலவு ஏறும். ஓட்டின் ஈரப்பதம் சச்சரவுக்கு இடமளிப்பது; ஆகவே எந்தத் துறைமுகத்தில், யார் மாதிரி எடுத்துச் சோதிப்பது என்பதையும் சேர்த்தெழுதுக.