தறையைக் கொத்த முதல் கிணற்றை அளந்து பாருங்கள்

நெல்லு வெட்டியாச்சு, மாசியில் காணி சும்மா கிடக்கிறது, கிணறும் இருக்கிறது, கோடைக்கு வெங்காயமோ மிளகாயோ வைக்கலாம்தானே என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன ஆவணியில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நின்றது? அனேகமானவர்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் மிச்ச மாதமெல்லாம் இறைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது ஊரறிந்த சங்கதி, நம் கிணறுகளின் அடியிலும் ஏறக்குறைய அதே கதைதான். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 அடி அளவுக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு எவ்வளவு தூரம் ஏறப் பார்க்கும் என்று விளங்கும்.

என் சித்தப்பா ஒரு பங்குனியில் தண்ணீர் காணாது என்று கிணற்றுக்குள்ளேயே துளை போட்டுக் குழாய் இறக்கினார். இரண்டு கிழமை தண்ணீர் பொங்கியது. மூன்றாம் கிழமை மிளகாய் இலையெல்லாம் ஓரம் கருகி, வாய்க்கால் கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மனிசன் அதை நோய் என்று நினைத்து இரண்டு போத்தல் மருந்தும் அடித்தார்!

சரி, அளப்பது எப்படி? ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். விடியற்காலை இறைக்கத் தொடங்க முன் ஒருக்கால், இறைத்து முடிந்ததும் ஒருக்கால், அடுத்த நாள் விடிய ஒருக்கால். நேற்றுக் காலை நின்ற முடிச்சுக்கு இன்று தண்ணீர் திரும்பி வரவில்லை என்றால் இறைப்பு கூடிவிட்டது, பயிர் வைக்கிற இடத்தைக் குறைக்க வேண்டியதுதான். தண்ணீர் ஆகக் குறைவாக நிற்கும் ஆவணி, புரட்டாதியில் பார்த்தால்தான் கிணற்றின் உண்மையான பலம் தெரியும். தையில் எந்தக் கிணறும் கெட்டிக்காரக் கிணறுதான்.

அடுத்தது தண்ணீர் இறைக்கிற மிசின். 200 லீற்றர் பரல் ஒன்றை வைத்து நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள், பெட்டியில் அச்சடித்திருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பரப்பு என்பது 253 சதுர மீற்றர் அளவு. கோடையில் பயிருக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால் பரப்புக்கு 1,265 லீற்றர், மூன்று நாளுக்கு ஒருமுறை இறைத்தால் 3,800 லீற்றர் வரும். பரல் 30 செக்கனில் நிரம்பினால் பத்து நிமிடத்துக்குள் ஒரு பரப்பு முடிய வேண்டும். உங்களுக்கு இருபது நிமிடம் எடுக்கிறதா? பாதித் தண்ணீரை மண் வாய்க்கால் குடிக்கிறது. பாத்தி வரைக்கும் குழாயில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும், சொட்டு நீர் அதற்கு அப்புறம் பார்க்கலாம். சொட்டு நீர் போடுகிறவர்கள் வடிகட்டி இல்லாமல் போட வேண்டாம், மணலும் தூசும் அந்தச் சின்னத் துளைகளை அடைத்துவிடும். எங்கள் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பும் அடைக்கும், அதை வடிகட்டி பிடிக்காது. வலிகாமத்துச் செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஆகவே ஒரேயடியாக வெள்ளம் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

உப்பை நாக்கால் அளக்கப் போகாதீர்கள், நாக்குக்குத் தெரிய முன் வெங்காயத்துக்குத் தெரிந்துவிடும். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்து உப்பின் அளவைக் காட்டும் ஈசி மீற்றர் ஒன்றை நாலு பேராகச் சேர்ந்து வாங்கலாம். அதில் எண் 800 மைக்ரோசீமன்ஸ் தாண்டினால் வெங்காயத்தில் விளைச்சல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1,000, கோவாவுக்கு 1,200. பீற்றூட் 2,700 வரை தாங்கும், உவர்க் கிணற்றுக்காரருக்கு அதுதான் கை கொடுக்கும். இறைப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் பாருங்கள். முடிவில் எண் ஏறி நின்றால் உப்பு மேலே வருகிறது, மிசினை நிற்பாட்டிவிட்டு அடுத்த நாள் குறைந்த நேரம் இறையுங்கள். கிணறு இவ்வளவுதான் தரும் என்று தெரிந்துவிட்டால் காணி முழுக்க வெங்காயம் வைக்காமல் நாலு பரப்பில் வெங்காயம், மிச்சத்தில் பயறு, எள்ளு என்று பிரியுங்கள், அவற்றுக்கு இவ்வளவு இறைப்புத் தேவையில்லை.

யூரியாவை அள்ளிப் போட்டு மேலே வெள்ளம் விட்டால் அது கல்லுக்குள்ளால் இறங்கி நைத்திரேற்றாக வீட்டுக் குடிதண்ணீர்க் கிணற்றுக்கே வரும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள். பழையவர்கள் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டது சும்மா இல்லை, அது மண்ணில் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

ஐப்பசிக்கு முன் வரம்பை உயர்த்திக் கட்டி, மழைத் தண்ணீர் வீதிக்கு ஓடாமல் காணிக்குள்ளேயே ஊறவிடுங்கள். ஓடிவருகிற அழுக்குத் தண்ணீரை நேரே கிணற்றுக்குள் திருப்பிவிடாதீர்கள். அந்த முடிச்சுக் கயிற்றையும் எறிய வேண்டாம், கொட்டிலில் தொங்கட்டும், அடுத்த ஆவணிக்குத் தேவைப்படும்.