மழைக்காலத்தில் கோழிக்கூண்டின் தரையைக் கவனியுங்கள்

ஐப்பசி அடைமழையில் நாட்டுக்கோழிகளை அதிகம் வாட்டுவது காலடி ஈரம்தான். கூண்டில் பரப்பிய உமியை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. கட்டிதட்டிய பகுதியை வாரி எடுத்துவிட்டு, காய்ந்த உமியோ கடலைத்தோலோ இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். ஈரத் தரையில்தான் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி நோய் தொற்றவைக்கும் நிலைக்கு முதிரும். குஞ்சுகளுக்கு அது எமன்.

சாரலுக்குப் பயந்து நாலாபுறமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். வேண்டாம். எச்சத்திலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தங்கிக் கோழிகளின் கண்ணை எரிக்கும். மேல்பக்கம் ஓரடி இடைவெளி விடுங்கள்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது. என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கோழி கிளறாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள்.