ரங்கூன் வீட்டுக்குள் வளரும் ரப்பர் செடி: கூரையைத் தொடுமுன் கவாத்து செய்யும் முறை

டவுன்டவுனில் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகள் ஒடுங்கி நீண்டவை. வெளிச்சம் முன்பக்க வராந்தா வழியாகத்தான் வரும். அதைத் தேடி ரப்பர் செடி ஒற்றைக் கம்பாக உயர்ந்துகொண்டே போகும். பர்மாக் காடுகள் இதன் சொந்த ஊர். அங்கே 30 மீட்டர்கூட வளரும். மோல்மேன் பக்கத் தோட்டங்களில் பால் எடுக்கும் ரப்பர் வேறு, அது பிரேசில் மரம்.

வெட்ட நல்ல நேரம், ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் கழிந்து மழை பிடித்தவுடன், அதாவது மே கடைசி, ஜூன். குளிர் மாதங்களில் தளிர் வர நாளாகும், அப்போது கை வைக்காதீர்கள்.

கத்தரி, இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் பைபாஸ் வகையாக இருக்கட்டும். தட்டையான அடிப்பலகை மீது அழுத்தி வெட்டும் வகை தண்டை நசுக்கிவிடும்; அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அலகை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். தரையில் பழைய பேப்பர் விரித்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதும் வெள்ளைப் பால் சொட்டும். சிலருக்கு அது பட்டால் அரிக்கும். துணியில் பட்டால் கறை போகாது. வெட்டுவாயில் ஈரத்துணியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

எங்கே வெட்டுவது? பலரும் தடுமாறும் இடம் இதுதான். தண்டை உற்றுப் பாருங்கள். இலை இருக்கும், அல்லது உதிர்ந்த, ஒவ்வொரு இடத்திலும் வளையம்போல ஒரு தழும்பு ஓடும். அதுதான் கணு. அதை ஒட்டிக் கடுகளவு மொட்டு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். நுனிக்குருத்தில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி அதை எழவிடாமல் அடக்கிவைக்கிறது. நுனி போனால் மொட்டு விழிக்கும். கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டினால் போதும். நீளமாகக் குச்சி விட்டால் அது காய்ந்து கருகும்.

புதுக் கிளைகள் பெரும்பாலும் வெட்டுக்குச் சற்றுக் கீழிருந்து கிளம்பி மறுபடி மேலேதான் போகும். ஆகவே ஆறடிச் செடி வேண்டுமென்றால் ஆறடியில் வெட்டாதீர்கள், நாலடிக்கு இறக்குங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் இறக்குங்கள். கீழே ஐந்தாறு இலையாவது நிற்கட்டும்.

வெட்டிய நுனியை வீசவேண்டாம். பாலைக் கழுவி, இரண்டு இலை மட்டும் விட்டு, ஈரத் தேங்காய்நார்த் தூளில் நட்டால் வேர் பிடிக்கும்.

இலை குறைந்ததால் செடி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். தளிர் எட்டிப்பார்க்கும்வரை உரம் வேண்டாம்.

வேரையும் கவனிக்காமல் அளவு கட்டுப்படாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிப் பின்னிய வெளிவேரில் கால் பங்கு வரை சீவி, புதுமண் போட்டு அதே தொட்டியில் வையுங்கள். தொட்டியைப் பெரிதாக்கினால் செடியும் பெரிதாகும்.

பிற்சேர்க்கை: மாண்டலே வாசகர் ஒருவர், வெட்டியும் ஒரே தளிர் வந்து மறுபடி ஒற்றைக் கம்பாகிறது என்று எழுதியிருந்தார். முதலில் செடியை வராந்தா ஓரம் நகர்த்துங்கள், உச்சி வெயில் படாமல். பிறகு, கிளை வேண்டிய கணுவுக்குச் சற்று மேலே, தண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கூர்மையான பிளேடால் ஒரு கீறல் போடுங்கள். மேலிருந்து வரும் ஆக்சின் அங்கே தடைபடும். அடியிலுள்ள மொட்டு பருக்கத் தொடங்கும். நல்ல வளர்ச்சியில் இருக்கும் செடிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.